மனநல வார்டில் நடத்தை சிகிச்சை: உடன் தங்கும் குடும்பத்தினருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவரை மனநல வார்டில் சேர்த்திருக்கிறீர்கள், அல்லது சேர்க்கப் போகிறீர்கள். மருந்து ஆரம்பித்தாயிற்று. காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகின்றன. ஆனால் கதவை உதைப்பது, பக்கத்துக் கட்டில்காரர் தட்டிலிருந்து சோற்றை அள்ளுவது, குளிக்க மறுப்பது, நர்ஸ் மேல் எச்சில் துப்புவது போன்றவை அப்படியே இருக்கின்றன. "மருந்து பிடிக்கலை, டோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நம் வாயிலிருந்து வரும் நேரம் அது. சில சமயம் டோஸும் ஏறும். ஆள் தூங்குவார். விழித்ததும் மறுபடி கதவை உதைப்பார்.

நடத்தை சிகிச்சைக்கு வேலை இந்த இடத்தில்தான். தொல்லை நடத்தைக்குக் கிடைக்கும் பலனை நிறுத்தி, நல்ல நடத்தைக்குப் பலன் கிடைக்கச் செய்து ஆளை மாற்றும் முறை இது. வார்டில் இதைப் பிஹேவியர் தெரபி என்பார்கள். என் தம்பியைக் கடலூரிலிருந்து பாண்டிக்குக் கூட்டிவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, இப்படி ஒன்று இருப்பதையே யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சைக்காலஜிஸ்ட் அதே கட்டடத்தில் இருந்தார், ஆனாலும் நாங்களாகக் கேட்கும்வரை அவர் வார்டுப் பக்கம் வரவில்லை. உங்களுக்கு அந்த நாட்கள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். திட்டத்தைப் போடுவது மனநல மருத்துவரும் சைக்காலஜிஸ்டும். அட்டெண்டராக நாம் செய்ய வேண்டிய பங்கு மட்டுமே இங்கே இருக்கிறது.

1. சேர்க்கும் அன்றே கையில் இருக்க வேண்டியவை

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பொதுவாகப் போகும் இடங்கள் இவை. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையாவாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை. பாண்டியில் கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. அப்புறம் பிள்ளையார்குப்பம், காலாப்பட்டு, கிருமாம்பாக்கம் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகள். எங்கே போனாலும் "பெட் இருக்கா" என்பதோடு நிறுத்தாமல் "வார்டுக்குள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வருவாங்களா" என்றும் கேளுங்கள். ஓ.பி.யில் மட்டும் சைக்காலஜிஸ்ட் இருப்பது உள்நோயாளிக்குப் பெரிதாக உதவாது.

எடுத்துப்போக வேண்டிய தாள்கள்: நோயாளியின் ஆதார், உங்கள் ஆதார், ரேஷன் கார்டு, கட்டணச் சலுகை கேட்பதாக இருந்தால் வருமானச் சான்று, பழைய மருந்துச் சீட்டுகள், முன்பு எங்காவது சேர்த்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை. மாத்திரை அட்டைகளையே கையோடு கொண்டுபோய்விடுங்கள், காலியானவை உட்பட. பெயரை நினைவிலிருந்து சொன்னால் தப்பாகிவிடும். எல்லாத் தாளுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுப்பதோடு போனிலும் ஒரு படம் இருக்கட்டும். பெண்கள் வார்டில் பெரும்பாலும் பெண் அட்டெண்டரைத்தான் தங்க விடுவார்கள். யார் தங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அட்மிஷன் எந்தப் பிரிவில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி நோயாளி தானே சம்மதித்துச் சேர்ந்தால் பிரிவு 86. முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லாமல், நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் பேசும் ஆள்) விண்ணப்பத்தில் சேர்த்தால் பிரிவு 89. இது அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் தொடர்வதென்றால் பிரிவு 90-க்குப் போக வேண்டும். 89-க்கு இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதில் ஒருவர் மனநல மருத்துவர்.

நடத்தை சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. 86-இல் சேர்ந்தவர் "நான் போறேன்" என்றால் போகலாம். தேவைப்பட்டால் 24 மணி நேரம் நிறுத்தி மதிப்பிட மட்டுமே இடமுண்டு. அவரிடம் கேட்காமல் நாம் ஒரு திட்டத்தைத் திணித்தால் அவர் கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுவார், திட்டமும் அத்தோடு போயிற்று. 89-இல் இருப்பவரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அது வேறு விஷயம்.

நியமனப் பிரதிநிதி ஆவதற்கு முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். வெள்ளைத்தாளில் நோயாளி எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும், செலவு இல்லை. அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மருத்துவமனை எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்ற கேள்வி வரும்போது அந்தத் தாள் பேசும்.

2. முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நாம் "அடங்க மாட்டேங்கிறான்" என்று சொல்வதில் கணிசமான பகுதி உடம்புக் கோளாறாக இருக்கும்.

மனநோய் மருந்துகளில் சிலவற்றுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கால் நிற்காது, உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், உள்ளுக்குள் ஒரே தவிப்பாக இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது நோய் முற்றியதுபோலத் தெரியும். அதற்காக அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். மருத்துவரிடம் "உட்கார முடியலைன்னு சொல்றாருங்க, இது மருந்தால இருக்குமா" என்று நேராகவே கேளுங்கள். சரிசெய்ய வழி இருக்கிறது.

மலச்சிக்கல் இன்னொன்று. குளோசபின் என்ற மனநோய் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது ஆபத்தான அளவுக்குப் போகும். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்பவர்கள் உண்டு. பல்வலி, சிறுநீர்த் தொற்று, காதில் சீழ், சர்க்கரை ஏறி இறங்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எந்நேரமும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பதைக் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய சமாச்சாரம் அது.

வார்டுக்கு வந்த அன்றிலிருந்து பீடி கிடைக்காமல் போனவர் முதல் சில நாள் எரிந்து விழுவார். அதையும் சொல்லிவிடுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பார் என்ற கணக்கோடு.

3. சரியான ஆளிடம் கேளுங்கள்

வார்டில் உங்களிடம் அதிகம் பேசுபவர் பி.ஜி. டாக்டர், அதாவது அங்கே மேற்படிப்பு படிக்கும் மருத்துவர். முடிவு எடுப்பவர் யூனிட்டின் தலைமை மருத்துவர். அவர் ரவுண்ட்ஸ் வரும் நாளைச் சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் கட்டிலருகே இருங்கள். கேட்க வேண்டியது ஒரே வரிதான்: "மருந்தோட சேர்த்து பிஹேவியர் தெரபிக்கு சைக்காலஜிஸ்ட்டுக்கு எழுதிக் குடுங்க." கேஸ் ஷீட்டில் எழுதியாக வேண்டும். வாயால் சொன்னது அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேராது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். தனியாரில் போனால் அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, பதிவு உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குறுகிய கால கவுன்சிலிங் கோர்ஸ் முடித்தவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் வார்டில் அடிதடி வரைக்கும் போகும் ஒருவருக்குத் திட்டம் போட அந்தப் படிப்பு போதாது.

மொழி இன்னொரு சங்கடம். ஜிப்மர் போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பி.ஜி. படிக்க வருவார்கள். தம்பி பேசும் கடலூர்த் தமிழ் பாதி புரியாமல் போனால், அவர் எதற்காகக் கத்தினார் என்ற பகுதியும் சேர்ந்தே போய்விடும். தமிழ் தெரிந்த சிஸ்டரையோ பயிற்சி மாணவரையோ உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். யூனிட்டில் பி.ஜி.க்கள் சுழற்சியில் மாறிக்கொண்டே இருப்பதும் தெரிந்திருக்கட்டும். புது ஆள் வந்த அன்றே திட்டத்தை நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

4. ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள்

நம்மிடம் கேட்டால் இருபது புகார் சொல்வோம். சைக்காலஜிஸ்ட் ஒன்றோ இரண்டோ கேட்பார். எதைக் கொடுப்பது? ஆபத்து உள்ளது முதலில். அப்புறம் டிஸ்சார்ஜுக்குத் தடையாக இருப்பது. அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய மாதிரி சொல்லுங்கள். "முரட்டுத்தனம்" என்பதை எண்ண முடியாது, "கதவைக் காலால் உதைப்பது" என்பதை எண்ணலாம். "சோம்பேறித்தனம்" வேண்டாம், "காலை 9 மணிக்குள் குளிக்காதது" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லும்போதே வீட்டுக்காரர்களின் கோபம் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சாகப்போகிறேன் என்று சொல்வதையோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதையோ "கவனத்தை இழுக்கத்தான் பண்றான்" என்று நாமாகவே கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், எத்தனையாவது முறையாக இருந்தாலும்.

5. நோட்டுப் போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். முழு சிகிச்சையிலும் இதைவிட உபயோகமான பொருளை நான் பார்க்கவில்லை. நான்கு பத்தி போடுங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பின் என்ன நடந்தது. கடைசிப் பத்தியில்தான் விஷயமே இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் எழுத மறப்பார்கள்.

மாதிரிக்கு ஒரு வரி: "மாலை 4.10. டீ வந்துபோய் அரை மணி ஆச்சு, நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். கதவை உதைத்து, கெட்ட வார்த்தை. சிஸ்டர் ஓடி வந்தாங்க, பக்கத்து கட்டில் அண்ணன் சமாதானம் பண்ணி அவர் டீயில பாதி குடுத்தார்."

முதல் நான்கைந்து நாள் எதையும் மாற்றாமல் இப்படி எழுதிக்கொண்டே வாருங்கள். அறிவுரை, கண்டிப்பு எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். அப்புறம் சைக்காலஜிஸ்ட் அந்த நோட்டைப் புரட்டும்போது ஒரு ஒழுங்கு தெரியும். எல்லாமே மாலை 4-க்கும் 6-க்கும் நடுவில் நடக்கிறது, வேலையில்லாத நேரம். அல்லது அட்டெண்டர் வெளியே போகும்போது நடக்கிறது. அல்லது குளிக்கக் கூப்பிடும்போது மட்டும் நடக்கிறது, உதைத்ததும் குளியலும் தள்ளிப்போகிறது.

பொதுவாக ஒரு தொல்லை நடத்தைக்குப் பின்னால் நான்கில் ஒன்று இருக்கும். யாராவது கவனிக்கிறார்கள். வேண்டிய பொருள் கிடைக்கிறது. பிடிக்காத வேலை தள்ளிப்போகிறது. அல்லது அந்தச் செயலே உள்ளுக்கு ஓர் ஆறுதல் தருகிறது. எது என்று தெரியாமல் திட்டம் போட்டால் தலைகீழாகிவிடும். கவனத்துக்காகக் கத்துபவரைத் தனியே விட்டால் கத்தல் குறையலாம். குளியலிலிருந்து தப்பிக்கக் கத்துபவரைத் தனியே விட்டால் அவர் கேட்டதையே கொடுத்ததாகும்.

குரல் கட்டளையிட்டுத்தான் அடிக்கிறார் என்று நோட்டிலிருந்து தெரியவந்தால் அது மருந்தின் வேலை. நல்ல நடத்தைக்குக் கொடுக்கும் பரிசு டோக்கனும் பாராட்டும் குரலை நிறுத்தாது. எப்போது நடத்தை சிகிச்சையை ஓரமாக வைக்க வேண்டும் என்பதையும் அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

ராத்திரி ஷிப்டில் அண்ணனோ மாமாவோ தங்கினால் நோட்டையும் கைமாற்றுங்கள். எழுதத் தெரியாதவர் இருந்தால் போனில் குரல்பதிவு போடச் சொல்லிவிட்டுக் காலையில் எழுதிக்கொள்ளலாம். வார்டில் வீடியோ மட்டும் எடுக்காதீர்கள். மற்ற நோயாளிகள் அதில் விழுவார்கள், அது அவர்களுடைய அந்தரங்கம்.

6. திட்டமும் டோக்கனும்

திட்டத்தின் அடிப்படை எளிது. வேண்டாத நடத்தைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பலனை நிறுத்துவது, அதே பலனை நல்ல வழியில் கேட்டால் உடனே கொடுப்பது. இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் செய்யும் வார்டுகளைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். கதவை உதைக்காதே என்றால், டீ வேண்டும் என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று யார் கற்றுக்கொடுப்பது?

டோக்கன் முறை போட்டால் இப்படி இருக்கும். இரண்டு மணி நேரம் கதவை உதைக்காமல் இருந்தால் 1 டோக்கன். வேண்டியதை வாயால் கேட்டால் 1. ஒன்பது மணிக்குள் குளித்தால் 2. மூன்று டோக்கனுக்குப் போனில் பிடித்த பாட்டு, நான்குக்கு ஒரு கூடுதல் டீ, ஐந்துக்கு மருத்துவர் அனுமதியோடு அட்டெண்டருடன் வளாகத்தில் கால் மணி நேர நடை. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். மாறக் கூடாதது ஒன்றுதான்: முதல் நாளே அவர் ஏதாவது ஒன்றை வென்று வாங்கியிருக்க வேண்டும். முதல் நாளே எட்டாத உயரத்தில் வைத்தால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார், அவர் மேல் தப்பில்லை.

டோக்கனாக நாணயம், பொத்தான், கோலிக்குண்டு, குண்டூசி எதுவும் கூடாது. விழுங்கிவிடுவார்கள், அல்லது ஆயுதமாகிவிடும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுச் சிஸ்டர் கையெழுத்துப் போட்டால் போதும். தொலையாது, யாரும் திருடவும் முடியாது, தேதியும் தானாகவே இருக்கிறது.

என்ன கொடுப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். நமக்குப் பிடித்தது அவருக்குப் பரிசு ஆகாது. இனிப்பைப் பரிசாக வைப்பது சுலபம், ஆனால் ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. ஒரு மாதம் மைசூர்பாகு கொடுத்து நல்ல பழக்கம் கற்றுக்கொடுத்தால் அடுத்தது சர்க்கரை மாத்திரைதான். பீடி, சிகரெட்டும் வேண்டாம். மருத்துவமனை வளாகத்தில் அது சட்டப்படியும் தடை.

பாராட்டு பெயரளவில் இருக்கக் கூடாது. "குட் பாய்" என்று நாற்பது வயது ஆளிடம் சொல்லாதீர்கள். "கோபமா இருந்தும் பொறுத்து டீ கேட்டியே, அது நல்லா இருந்துச்சுடா" என்று எதைச் செய்தார் என்பதைச் சேர்த்து, செய்த அந்த நிமிடமே சொல்லுங்கள். ராத்திரி வரை காத்திருந்து சொல்லும் பாராட்டு எதற்கு என்று அவருக்கே தெரியாது.

ஆரம்பத்திலேயே டோக்கனைப் பிடுங்கும் அபராத முறையைக் கொண்டுவராதீர்கள். சைக்காலஜிஸ்ட் சொன்னால் ஒழிய வேண்டவே வேண்டாம்.

7. முதலில் கூடும், அப்புறம்தான் குறையும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். இதுவரை பலன் கொடுத்துவந்த நடத்தைக்கு திடீரென்று பலன் நின்றால் அது உடனே குறையாது. அடிபம்பில் தண்ணீர் வரவில்லை என்றால் விட்டுவிட்டா போகிறோம்? இன்னும் வேகமாக நாலு அடி அடிப்போம். அதேபோல முதல் சில நாள் உதை கூடும், சத்தம் கூடும், புதிதாக ஏதாவது ஒன்று சேரும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று அவர் கற்றுக்கொள்கிறார். திட்டம் தொடங்கும் முன் இருந்ததைவிட மோசமான நிலை அது.

அதனால் தொடங்கும் நாளைப் பார்த்து வையுங்கள். பொங்கலுக்கு முந்தின நாளோ, பாதி ஸ்டாஃப் லீவில் இருக்கும் நேரமோ, நீங்கள் ஊருக்குப் போக வேண்டிய வாரமோ வேண்டாம்.

திட்டத்தை உடைப்பவர் பெரும்பாலும் நோயாளி இல்லை. பார்வையாளர் நேரத்தில் பையோடு வரும் சொந்தம்தான். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறிப் பாசத்தோடு சித்தி வருவார். "ஐயோ புள்ள எப்படி இளைச்சுட்டான், கேக்கறத குடுங்களேன்" என்பார். அவரிடம் வார்டுக்குள் வைத்து வாதாடாதீர்கள். வாசலிலேயே பிடித்து, "சித்தி, அவன் கத்தி கேட்டா குடுக்காதீங்க, பொறுமையா கேட்டா உடனே குடுங்க, டாக்டர் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் பெயரைச் சொன்னால் எடுபடும். பக்கத்துக் கட்டில் அட்டெண்டர்களிடமும் சொல்ல வேண்டும். அந்த அரை டீ அங்கிருந்துதானே வருகிறது.

சிஸ்டர்களுக்கு ஏற்கனவே வேலை தலைக்கு மேல். திட்டத்தை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, சைக்காலஜிஸ்ட்டிடம் காட்டிக் கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். "சிஸ்டர், நைட் ட்யூட்டிக்கு வர்றவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லிடுறீங்களா" என்று ஷிப்ட் மாறும்போது கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். மூன்று ஷிப்டில் இரண்டு ஷிப்ட் மட்டும் பின்பற்றினால் பயனில்லை.

எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கேட்டால், பொது மருத்துவமனை வார்டில் நாம் இருப்பது சில வாரங்கள்தான். அதற்குள் ஒரு நடத்தை நன்றாகக் குறைந்தால் அதுவே நல்ல கணக்கு. நோட்டில் உள்ள எண்ணிக்கையைப் பாருங்கள். மனசுக்கு "அப்படியேதான் இருக்கான்" என்று தோன்றும்போது நோட்டு வேறு சொல்லும்.

8. எது சிகிச்சை இல்லை

சாப்பாடு, படுக்கை, உடை, மருந்து, கழிவறை, குடும்பத்தைப் பார்ப்பது ஆகியவற்றை டோக்கனுக்கு அடகு வைக்க முடியாது. அவை உரிமைகள். "குளிக்கலைன்னா ராத்திரி சோறு இல்லை" என்பதற்கு நடத்தை சிகிச்சை என்று யார் பெயர் வைத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2017 சட்டத்தின் பிரிவு 95 எந்த விதத்திலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாநிலம் இது, அதனால் இந்த வரியை லேசாகப் படிக்காதீர்கள். பிரிவு 97 தனியறையில் அடைத்துவைப்பதைத் தடுக்கிறது. கட்டிப்போடுவதை, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கிறது. அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறை என்பதற்காகவோ கட்டக் கூடாது. மொட்டையடிப்பதைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

கட்டியிருப்பதைப் பார்த்தால் சண்டை போடாமல், "எத்தனை மணிக்கு, யார் ஆர்டர், எப்ப அவிழ்ப்பீங்க" என்ற மூன்று கேள்வியை மட்டும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதுகிறீர்கள் என்று தெரிந்தாலே பாதி சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் மருத்துவக் கண்காணிப்பாளர், அதற்கு மேல் இந்தச் சட்டப்படி புகார் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியம்.

9. செலவு

அரசு மருத்துவமனையில் இந்த சிகிச்சைக்கென்று பெரிதாகத் தனிக் கட்டணம் இருக்காது. தனியாரில் ஓர் அமர்வுக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் வாங்குவார்கள். உள்நோயாளியாக இருக்கும்போது அது பில்லில் தனியாக வருமா, அறைக் கட்டணத்தோடு சேர்ந்ததா என்று முதல் நாளே கேளுங்கள். பரிசுப் பொருட்களுக்கு நாளைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆனால் திட்டத்தில் ஏதோ கோளாறு. உண்மையான செலவு அட்டெண்டரின் கூலி நஷ்டம், வெளிச்சாப்பாடு, கடலூர்-பாண்டி பஸ் காசு. யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மருத்துவக் காப்பீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்தின் பிரிவு 21. ஆனால் உள்நோயாளிச் செலவுக்குக் கிடைப்பது ஓ.பி. தெரபிக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பல பாலிசிகளில் ஓ.பி. சேராது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் கடலூர்க்காரர்கள் கவனிக்க: பாண்டி வேறு ஆட்சிப் பகுதி. அந்த அட்டை அந்த மருத்துவமனையில், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நோய் நாள்பட்டதென்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகள் அங்கிருந்து தொடங்கும். ஆதாரில் கடலூர் முகவரி என்றால் கடலூரிலேயே விண்ணப்பிப்பதுதான் அலைச்சல் குறைவு. அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும், ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

10. வீட்டுக்குக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகு இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. இரண்டு மூன்று நாள் முன்பே சைக்காலஜிஸ்ட்டோடு ஒருமுறை வீட்டு ஆட்கள் எல்லாரும் உட்காருங்கள், முக்கியமாக வார்டுக்கே வராமல் வீட்டில் இருந்தவர்கள். வீட்டில் சிஸ்டர் இல்லை, ஷிப்ட் இல்லை. டோக்கனை யார் எழுதுவது, எப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என்று அப்போதே முடிவாக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் பழையபடி ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பதை அரை நாளுக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று நீட்டிக்கொண்டே போய், கடைசியில் வாய்ப் பாராட்டு மட்டும் மிஞ்சும்படி விடுவார்கள். வீட்டில் ஓயாத குறைசொல்லலும் கோபமும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பதும் நோய் திரும்புவதைக் கூட்டும் என்பது பல நாடுகளில் ஆராய்ந்து கண்டது. அப்பாவிடம் இதை நீங்கள் சொல்வதைவிட சைக்காலஜிஸ்ட் சொல்லட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பெயர்களோடு நடத்தைத் திட்டமும் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த மருத்துவமனையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

வார்டில் பீடி நின்றுபோய், வீட்டுக்கு வந்ததும் மறுபடி பிடிக்க ஆரம்பித்தால் குளோசபின், ஓலான்சபின் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் குறையும். மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் தொல்லை திரும்பினால் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாண்டியில் பார்த்துவிட்டுக் கடலூரில் மருந்து தொடர நினைப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓ.பி. எந்த நாள், எந்த அரசு மருத்துவமனையில் என்று முன்பே விசாரித்து வையுங்கள். எழுதிக்கொடுத்த மாத்திரை எல்லாம் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ஆளுக்கோ மற்றவர்களுக்கோ உடனடி ஆபத்து என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பஸ் ஏறும் முன் பார்மசியிலேயே மாத்திரையை எண்ணிப் பாருங்கள், அடுத்த ஓ.பி. தேதி வரை வருகிறதா என்று. அந்தத் தேதி பண்டிகை விடுமுறையில் விழுந்தால் ஒரு வாரத்துக்கு அதிகமாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.